பத்து நிமிடத்தில் என்ன சொல்வது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஏழு வருடம் உழைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலை முடித்திருக்கிறீர்கள். 1,48,000 சொற்கள். ஆறு வாரத்தில் ஓர் எழுத்தாளர் சந்திப்பு வருகிறது. அங்கே ஓர் இலக்கிய ஏஜென்ட்டுடன் பத்து நிமிடமும், ஒரு பதிப்பக எடிட்டருடன் பத்து நிமிடமும் பேச இடம் கிடைத்திருக்கிறது. என்ன சொல்வது, எதை எடுத்துப் போவது, மனப்பாடம் செய்து ஒப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஐம்பது ஏஜென்ட்டுகளுக்கு ஒரே நாளில் மின்னஞ்சல் தட்டிவிடச் சொல்லி உங்கள் கணவர் யோசனை சொல்கிறாராம். கடைசியில் ஒரு வரி: "எனக்கு எழுதத்தான் தெரியும், விற்கத் தெரியாது."

அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். விற்கிற வேலையை உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. அதற்குத்தான் ஏஜென்ட் இருக்கிறார்; எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகங்களுக்கு விற்றுத் தருவது அவர் வேலை. ஆனால் நீங்கள் அவரிடம் சொல்வதை அவர் ஓர் எடிட்டரிடம் சொல்ல வேண்டும். எடிட்டர் அதைத் தன் பதிப்பகத்தின் கூட்டத்தில் சொல்ல வேண்டும். அங்கிருந்து விற்பனைக்காரர் புத்தகக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். நான்கு வாய் மாறியும் உருக்குலையாமல் போகிற ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு வாக்கியம் உங்களிடம் இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கான தயாரிப்பில் பாதி அதுதான்.

நான் இதை அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எடிட்டராக இருந்த முதல் வருடங்களில் ஒரு பிரதியின் மேல் எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. எடிட்டருக்குப் பிடித்தால் போதும், புத்தகம் வந்துவிடும் என்று வெளியில் நினைப்பார்கள். அப்படி இல்லை. தேர்வுக் கூட்டம் என்று ஒன்று உண்டு. விற்பனை, விளம்பரம், கணக்கு என்று எல்லாத் துறையிலிருந்தும் ஆள் வந்து உட்காருவார்கள். அன்றைக்கு என் பிரதியின் முறை வந்தபோது நான் அதன் மொழியழகைப் பற்றிப் பேசினேன், காலத்தைக் கையாண்ட விதத்தைப் பற்றிப் பேசினேன். விற்பனைத் தலைவர் கேட்டார், "சரி, கதை என்ன?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான்கு நிமிடம் ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். அந்தப் புத்தகத்தை நாங்கள் வாங்கவில்லை. எழுத்தாளர் எனக்கு அனுப்பிய கடிதத்திலும் மொழியும் காலமும்தான் இருந்தன, கதை இல்லை. நானாவது அதைப் பிரதியிலிருந்து தோண்டி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நாவலைப் பற்றி நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "இது இழப்பையும் மௌனத்தையும் குடும்ப உறவுகளின் சிக்கலையும் பல அடுக்குகளில் பேசும் நாவல். உண்மை என்பது என்ன என்ற கேள்வியை எழுப்புகிறது." இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உலகத்து நாவல்களில் பாதியின் பின்னட்டையில் இதை ஒட்டலாம், யாருக்கும் சந்தேகம் வராது. ஏஜென்ட் இதைக் கேட்டுப் புன்னகைப்பார். அடுத்த ஆள் வந்து உட்கார்ந்ததும் மறந்துவிடுவார்.

அதே கடிதத்தில் நான்காம் பக்கத்தில், எதற்கோ போகிற போக்கில், "என் நாயகி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் என்பதால் அந்த நடைமுறைகளை நிறையப் படிக்க வேண்டியிருந்தது, சாட்சி சொன்னதில் ஒரு வாக்கியத்தை அவள் வேண்டுமென்றே விட்டுவிடும் காட்சியைப் பதினோரு தடவை திருத்தினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏன் விட்டாள்? இரண்டு பத்தி தள்ளி அதற்கும் பதில் இருந்தது. அந்த வாக்கியத்தில் அவள் தம்பியின் பெயர் இருக்கிறது.

அம்மா, உங்கள் நாவலை வாசலில் நிற்க வைத்துவிட்டு நீங்கள் திண்ணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் ஒரு பெண், சாட்சி சொன்னதில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுகிறாள். அதில் இருந்தது அவள் தம்பியின் பெயர். அந்த வழக்கில் வேறு ஒருவன் சிறைக்குப் போகிறான். எட்டு வருடம் கழித்து வெளியே வரும் அவன், சாட்சியின் மொழியைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்."

நான்கு வாக்கியம் ஆகிவிட்டது, பரவாயில்லை. எல்லாமே உங்கள் கடிதத்தில் இருந்தவைதான், நான் வரிசையை மட்டும் மாற்றினேன். யார், என்ன செய்தாள், ஏன், அதனால் என்ன விபரீதம் என்பது வந்துவிட்டது. இழப்பு, மௌனம், உண்மை என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை. கேட்கிறவர் மனதில் அவை தாமாகவே எழும். பெயர்களையும் விட்டுவிட்டேன், கவனியுங்கள். முதல் தடவை கேட்கிறவருக்கு ஐந்து பாத்திரங்களின் பெயர் நிற்காது. மொழிபெயர்ப்பாளர், தம்பி, சிறைக்குப் போனவன் என்றால் நிற்கும்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. என் வாய்க்கு வந்த வாக்கியம் உங்கள் வாய்க்கு வராது. நீங்களே ஒரு பத்து விதமாக எழுதி, பிறகு தாளை வைத்துவிட்டு யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாவல் படிக்கும் பழக்கமே இல்லாத ஒருவராக இருந்தால் நல்லது. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, "நேற்று நான் சொன்ன கதையை உங்கள் பாணியில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் மறந்துவிட்ட பகுதி, உங்கள் வாக்கியத்தில் இருக்கத் தேவையில்லாத பகுதி. அவர் தப்பாகச் சொன்ன இடம், நீங்கள் குழப்பிய இடம். மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டீர்களே, முதல் வாக்கியத்தை மட்டும் செய்யுங்கள். நாக்கு உலர்ந்துபோனாலும் அது வந்துவிடும். மீதியைப் பேச்சாகவே விடுங்கள். ஒப்பித்தால் நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டதும் தொலைந்தீர்கள். எங்கே விட்டோம் என்று தெரியாது. குறிப்புச் சீட்டைப் பார்த்துப் பேசினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பத்து நிமிடத்தில் நீங்கள் பேச வேண்டியது ஒன்றரை நிமிடம்தான். மீதி நேரம் கேள்விகளுக்கு. என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானே ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். முடித்துவிட்டீர்களா? எத்தனை சொற்கள்? எந்த மாதிரிப் புத்தகங்களின் பக்கத்தில் இதை வைப்பீர்கள்? வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா? அடுத்து என்ன எழுதுகிறீர்கள்? இந்த ஐந்துக்கும் பதில் தயாராக இருந்தால் போதும். முதல் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. புனைகதையில், அதுவும் முதல் நாவலில், முழுப் பிரதி இல்லாமல் யாரும் பேச்சையே எடுக்க மாட்டார்கள். கட்டுரை நூல், ஆய்வு நூல் என்றால் கதை வேறு. திட்ட அறிக்கையும் இரண்டு மூன்று மாதிரி அத்தியாயங்களும் வைத்தே ஒப்பந்தம் போடுவதுண்டு.

இரண்டாவது கேள்விதான் உங்களுக்கு வினை. 1,48,000 என்று சொன்ன உடனே ஏஜென்ட் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். பெரியவர்களுக்கான முதல் நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 சொற்களுக்குள் இருந்தால் அவருக்கு நிம்மதி. மிகைபுனைவு (ஃபேன்டசி), வரலாற்றுப் புனைவு என்றால் 1,20,000 வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் தாள் கூடும், விலை கூடும், பிற மொழிக்குப் போகும்போது மொழிபெயர்ப்புச் செலவும் கூடும். ஆனால் உண்மையான பயம் வேறு. இவர் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியாதவரோ என்று தோன்றிவிடும். "நிறைய நல்ல நாவல்கள் இதைவிடப் பெரியவைதானே" என்பீர்கள். ஆமாம், அவற்றை எழுதியவர்களில் பலருக்கு அது முதல் புத்தகம் இல்லை.

ஆகவே ஆறு வாரத்தில் முதல் நான்கு வாரம் வெட்டுவதற்கு. நீங்கள் அனுப்பிய முதல் இருபது பக்கங்களைப் பார்த்தேன். நாயகியின் பாட்டி ஊரைவிட்டுக் கிளம்பிய கதையில் தொடங்குகிறது. நீதிமன்றம் பதினேழாம் பக்கத்தில்தான் வருகிறது. நல்ல பக்கங்கள்தான், பாட்டி எனக்குப் பிடித்துப்போனார். ஆனால் ஏஜென்ட் முதலில் கேட்டு வாங்குவது பெரும்பாலும் முதல் பத்துப் பக்கம், அல்லது முதல் மூன்று அத்தியாயம். நீங்கள் மொழிபெயர்ப்பாளரைப் பற்றிப் பேசி ஆசை காட்டிவிட்டுப் பத்துப் பக்கமும் பாட்டியைக் கொடுத்தால், தான் கேட்ட கதை இது இல்லையோ என்று அவருக்குக் குழப்பம் வரும். நீதிமன்றத்தில் தொடங்க முடியுமா என்று பாருங்கள். பாட்டி பின்னால் வரட்டும். இது ஒன்றைச் செய்தாலே பல ஆயிரம் சொற்கள் தாமாகக் கழன்றுவிடும் என்று நினைக்கிறேன். 1,15,000-க்குள் வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் கூடுதல்தான் என்றாலும், தைரியமாகச் சொல்லலாம்.

ஆறு வாரத்தில் வெட்டி முடியவில்லை என்றால்? சந்திப்புக்குப் போங்கள், பேசுங்கள், ஆனால் "கடைசித் திருத்தத்தில் இருக்கிறேன், இரண்டு மாதத்தில் அனுப்புகிறேன்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாதி வெந்ததை அவசரத்தில் அனுப்பினால்தான் சிக்கல், ஏனென்றால் ஒரே நாவலை ஒரே ஏஜென்ட்டிடம் இரண்டாம் தடவை காட்டுவதற்கு வழி அநேகமாகக் கிடையாது.

மூன்றாவது கேள்வி, பக்கத்தில் வைக்கும் புத்தகங்கள். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். "இதுபோல் ஒரு புத்தகம் வந்ததே இல்லை" என்பது பெருமை மாதிரி ஒலிக்கும். கேட்கிறவர் காதில் "இதற்குக் கடையில் அலமாரி இல்லை" என்று விழும். இன்னொரு பக்கம், உலகமே படித்த ஒரு பெரும்புகழ் நாவலைச் சொல்வதும் உதவாது. அது யாருக்கும் எதையும் காட்டாது. கடைசி மூன்று, அதிகம் போனால் ஐந்து வருடத்துக்குள் வந்தவை, உங்கள் வகையைச் சேர்ந்தவை, ஓரளவு நன்றாகப் போனவை என்று இரண்டு புத்தகம் தேடிப் பிடியுங்கள். முழுக்க ஒத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றின் நீதிமன்றச் சூழல், இன்னொன்றின் அக்கா தம்பி உறவு என்று சொன்னால் போதும். கட்டாயம் படித்துவிட்டுச் சொல்லுங்கள். "அதன் முடிவு உங்களுக்குப் பிடித்ததா?" என்று நான் கேட்டு, எதிரே இருந்தவர் விழித்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தேடும்போது ஒரு உபரி லாபமும் உண்டு. அந்தப் புத்தகங்களின் நன்றியுரைப் பக்கத்தில் எழுத்தாளர் தன் ஏஜென்ட்டுக்கும் எடிட்டருக்கும் நன்றி சொல்லியிருப்பார். உங்கள் ரசனைக்கு ஏற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அப்புறம், எடிட்டரோடு இருக்கும் பத்து நிமிடம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது தெரிந்த மாதிரித் தோன்றவில்லை. ஏஜென்ட் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டால், அதை எந்த எந்தப் பதிப்பகத்தில் எந்த எடிட்டருக்குக் காட்டுவது என்று ஒரு பட்டியல் போடுவார். நீங்களே முன்கூட்டி ஐந்து பதிப்பகங்களுக்கு அனுப்பி அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அந்த ஐந்தும் பட்டியலிலிருந்து போய்விடும். மறுபடியும் அதே வாசலைத் தட்ட ஏஜென்ட்டுக்குத் தயக்கமாக இருக்கும். அதனால் எடிட்டரைச் சந்திக்கும்போது கருத்துக் கேட்கும் மனநிலையோடு போங்கள். இந்தத் தொடக்கம் பிடிக்கிறதா, இந்த வகை இப்போது எப்படிப் போகிறது, நீங்கள் மதிக்கும் ஏஜென்ட்டுகள் யார் என்று கேளுங்கள். அவரே "பிரதியை அனுப்புங்கள்" என்றால் மகிழ்ச்சியாகச் சரி சொல்லுங்கள், அனுப்பவும் செய்யுங்கள். கேட்டு வாங்குகிறவரை யாராவது திருப்பி அனுப்புவார்களா? ஆனால் நீங்களாக நாற்பது பதிப்பகங்களுக்கு வீசி எறியாதீர்கள். ஒருவேளை எடிட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்றே சொல்லிவிட்டால் உடனே கையெழுத்துப் போடாமல், "ஓர் ஏஜென்ட்டோடு பேசிவிட்டு வருகிறேன்" என்று சில நாள் கேளுங்கள். கையில் ஒரு பதிப்பகத்தின் சம்மதம் இருக்கிறவரின் மின்னஞ்சலுக்கு ஏஜென்ட்டுகள் பதில் போடும் வேகமே தனி.

கையில் என்ன எடுத்துப் போவது? பிரதியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பிடித்திருந்தால் மின்னஞ்சலில் கேட்பார்கள். அதற்குள் வீட்டில் மூன்று கோப்புகள் தயாராக இருக்க வேண்டும்: ஒரு பக்கத்துக்கு மிகாத அறிமுகக் கடிதம், கதைச்சுருக்கம், முழுப் பிரதி. கடிதம் 300 சொற்கள் இருந்தால் போதும், அதில் நடுநாயகமாக அந்த நான்கு வாக்கியம் கொஞ்சம் விரிந்து நிற்கும். உங்களைப் பற்றி இரண்டு வரி. பரிசும் பட்டமும் இல்லை என்று வருந்தியிருந்தீர்கள், இல்லாததை எழுத வேண்டாம், அவ்வளவுதான். கதைச்சுருக்கத்தில் முடிவை மறைக்காதீர்கள். "சிறையிலிருந்து வந்தவன் என்ன செய்தான் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று அங்கே புதிர் போட்டால் எரிச்சல்தான் வரும், ஏனென்றால் கதை கடைசிவரை தாங்குகிறதா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள். பிரதி 12 புள்ளி எழுத்து, வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குல ஓரம், பக்க எண். அலங்கார எழுத்துரு வேண்டாம். ஒவ்வொரு ஏஜென்ட்டும் தன் இணையப் பக்கத்தில் எதை எப்படி அனுப்ப வேண்டும் என்று எழுதி வைத்திருப்பார், அது நான் சொன்னதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

உங்கள் கணவரின் ஐம்பது மின்னஞ்சல் யோசனைக்கு வருவோம். பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம், யாரும் குற்றமாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஐம்பதையும் ஒரே நாளில் அனுப்பினால், கடிதத்தில் இருக்கும் கோளாறு ஐம்பது பேரிடமும் ஒரே நாளில் போய்ச் சேரும். ஆறு ஏழு பேருக்கு அனுப்பிவிட்டுப் பொறுங்கள். யாருமே பக்கங்களைக் கேட்கவில்லை என்றால் கடிதத்தில் ஏதோ குறை. பக்கங்களை வாங்கிப் பார்த்துவிட்டு முழுப் பிரதியைக் கேட்கவில்லை என்றால் தொடக்கத்தில் குறை. திருத்திவிட்டு அடுத்த ஆறு பேர். ஒரே நிறுவனத்தில் இருக்கும் இரண்டு ஏஜென்ட்டுகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். பல இடங்களில் ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் வேண்டாம் என்றதாகவே வைத்துக்கொள்கிறார்கள். பதில் வர ஆறு வாரம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம், சிலர் பதிலே போட மாட்டார்கள். அக்டோபரில் ஃப்ராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தை, வசந்த காலத்தில் லண்டன் சந்தை; ஏஜென்ட்டுகள் அங்கே மும்முரமாக இருப்பார்கள். அந்த வாரங்களில் எழுதிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் லண்டனில் ஏ. பி. வாட் என்பவர்தான் இந்த ஏஜென்ட் வேலையை ஒரு தொழிலாக நிலைநிறுத்தினார். அவர் எழுத்தாளரின் வருமானத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டார். இன்றைக்குப் பெரும்பாலும் 15 சதவீதம்; வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20. விகிதம் ஏறியிருக்கிறதே தவிர, எழுத்தாளருக்குப் பணம் வந்த பிறகுதான் ஏஜென்ட்டுக்குப் பங்கு என்ற அடிப்படை மாறவில்லை. பிரதியைப் படித்துப் பார்க்க இவ்வளவு, பதிவுக் கட்டணம் இவ்வளவு என்று முன்பணம் கேட்கிறவர் எவ்வளவு பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிரதியைச் செம்மை செய்து கொடுக்க என்னைப் போன்றவர்கள் கூலி வாங்குவோம், அது வேறு தொழில். அதையும் இதையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் விற்றால் சந்தேகப்படுங்கள்.

சந்திப்பு நாளன்று ஒரே ஒரு வேலை பாக்கி. ஏஜென்ட்டிடம் "என் கதை உங்களுக்குப் பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். அவர் இன்னும் கதையைப் படிக்கவில்லை, மரியாதைக்கு ஆமாம் என்பார், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. "நான் சொன்னதில் எந்த இடத்தில் உங்களுக்கு அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றியது?" என்று கேளுங்கள். அறையைவிட்டு வெளியே வந்ததும், யாரோடும் பேசுவதற்கு முன்னால், அவர் சொன்ன பதிலையும் அவர் கேட்ட கேள்விகளையும் அவருடைய சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரதியைக் கேட்டிருந்தால், அனுப்பும் மின்னஞ்சலின் தலைப்பில் "சந்திப்பில் நீங்கள் கேட்ட பிரதி" என்று போட்டு, முதல் வரியில் அந்தப் பதிலை நினைவுபடுத்துங்கள். வெட்டிய பிறகு புதிய முதல் பத்துப் பக்கங்களை எனக்கும் அனுப்பிவையுங்கள். பாட்டியை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.